முட்டுவூட்டுப் பகல்

— அப்ப அவங்களும் குனிஞ்சுதான் உள்ள போவணுமா?

— குனிஞ்சு இல்ல பாஞ்சாலியக்கா, தவழ்ந்து. அதுக்கு நம்ம முட்டுவூடு அரமனை. அவங்களுது ஆட்டுப்பட்டி மாதிரி. கல்லும் மண்ணும். கால நீட்டிப் படுக்க முடியாது.

— நேபாளத்துலயா?

— நேபாளத்துலதான். மேற்கால மலைப்பக்கம்.

— அங்கயும் மாசாமாசம் ஒதுங்கறாங்களா. நான் நம்ம ஊருப் பொம்பளைங்க மட்டுந்தான்னு நெனச்சிட்டிருந்தேன் அமுதா.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். காட்மாண்டு மீட்டிங்குல அந்த ஊருப் பொண்ணு ஒண்ணு மேடையில சொல்லச் சொல்ல எனக்கு இந்தக் கொட்டாதான் கண்ணுல நிக்குது. எந்திரிச்சுப் போயி அது கையப் புடிச்சுக்கிட்டேன்.

— சரி, நீ வாசப்படியிலயே நில்லு. உள்ள வராத. வந்தா தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் வூட்டுக்குப் போவணும்.

— ஊத்திக்கமாட்டேன். நவுருக்கா. தூறுது. மீட்டிங்குக்குன்னு எடுத்த சேலை.

— உம் மாமியா பாத்தா?

— பாக்கட்டும். நாளைக்கு இந்த நேரத்துக்கு இந்தக் கொட்டாவே இருக்காது.

— ம்.

— என்ன ம்? காலைல ஜேசிபி வருது. பீடீஓ வர்றாரு. சங்கத்து ஆளுங்க அரூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க. நீ ம்முங்கற.

— கெடக்கட்டும். அந்த நேபாளத்துப் பொண்ணு பேரு என்ன?

— சாவித்ரா.

— சாவித்திரி மாதிரி.

— சாவித்திரிதான்க்கா, அவங்க வாயில அப்படி வருது. சின்னப் பொண்ணு. அவங்க ஊர்ல சட்டமே போட்டுட்டாங்களாம். யாரையாச்சும் கொட்டாவுல படுக்க வெச்சா ஜெயிலு. ஊரு ஊராப் போயி இவங்களே கடப்பாறையால இடிச்சிருக்காங்க.

— இடிச்சு?

— இடிச்சு என்ன, முடிஞ்சுது.

— முடியலைன்னு உம் மூஞ்சி சொல்லுதே.

— சில ஊர்ல மறுபடி தகரத்தச் சாத்தி வெச்சுக்கிட்டாங்களாம். அது வேற. நாம அப்படி விடமாட்டோம்.

— அந்தப் பக்கம் ஒழுவுது, பாத்து உக்காரு. இல்ல, அந்த மூலைக்குப் போவாத. இங்க வா, எம் பக்கத்துல.

— போவலக்கா. எனக்குத் தெரியாதா.

— பாயி ஈரமில்ல. உக்காரு. ராத்திரி குடுத்துவுட்ட களி இருக்குது. திங்கறயா?

— நீ திங்கலியா?

— பசிக்கல. இங்க வந்தா எனக்குப் பசிக்கறதில்ல. தூக்கந்தான் வருது. நீ வர்றதுக்கு முந்தி ஒரு கனவு கண்டுட்டிருந்தேன்.

— பட்டப்பகல்லயா?

— பகல்லதான் எனக்குக் கனவு வரும். அதும் இங்க மட்டுந்தான். வூட்டுல படுத்தா கண்ண மூடறதும் தெரியாது, தொறக்கறதும் தெரியாது. இங்க படுத்தன்னா அந்த ஓட்டு ஓட்டை வழியா புளிய எலை விழும். ஒண்ணு ஒண்ணா. மூஞ்சி மேல விழும், நான் தட்டமாட்டேன். பாலக்கோடு பஸ்ஸு திருப்பத்துல ஆரன் அடிக்கும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது.

— என்ன கனவு?

— சின்னாத்துத் தண்ணி மேல நடந்து போறேன். கால் நனையல. அக்கரையில ஒரு வூடு. சாமந்தித் தோட்டத்து நடுவுல. உள்ள போயிப் பாத்தா அடுப்பே இல்ல. தேடித் தேடிப் பாக்கறேன், எங்கயும் அடுப்பு இல்ல. எனக்குச் சிரிப்பு வருது.

— அப்புறம்?

— அப்புறம் நீ வந்து அக்கா அக்கான்னு கத்தற.

— போச்சு. உன்னக் கெடுத்துட்டேன்.

— கெடக்கட்டும். அது எங்க போவும், நாளைக்கு வரும். நீ கடல் மேல போனியே, அதச் சொல்லு.

— கடல் மேல போவலக்கா. காட்மாண்டுக்கு ஏது கடலு. மேகத்து மேல போனேன். பஞ்சு மூட்டையப் பிரிச்சுக் கொட்டின மாதிரி. பக்கத்துல ஒரு ஆளு தூங்கறாரு. எப்படித்தான் தூக்கம் வருதோ.

— எனக்கும் வந்திருக்கும். பஞ்சு மேலன்னா.

— மீட்டிங்குல கடல்காரங்க இருந்தாங்க. ஃபிஜின்னு ஒரு தீவு. லித்தியான்னு ஒரு அம்மா. ஒன்ன மாதிரி ரெண்டு பாஞ்சாலி சேந்தா அவங்க. காதுல பெரிய செம்பருத்தி வெச்சிருப்பாங்க. சிரிச்சா மேசையில இருக்கற தண்ணி ஆடும்.

— ஜப்பான் பொம்பளைங்க வந்தாங்களா? எம் மவன் ரஞ்சித்து வேலை செய்யற கம்பெனி ஜப்பான்காரனுது.

— வந்தாங்க. ஒல்லியா ஒரு அம்மா. அவங்க ஊர்ல கல்யாணம் ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரு இருக்கணுமாம். பெரும்பாலும் புருசன் பேருதானாம். எம் பேர எனக்குக் குடுங்கன்னு கேஸு போட்டு நடக்கறாங்களாம்.

— பேருக்கா கேஸு?

— பேருக்குத்தான்.

— பரவால்ல. நம்மூர்ல மாயவன் பொண்டாட்டின்னுதான் எனக்கு ரேசன் கடையிலயே பேரு. கேஸு போட்டா ஜப்பானுக்குப் போவணும் போல.

— சிரிக்காதக்கா, நான் இத நம்ம சங்கத்துல பேசப் போறேன்.

— பேசு பேசு. ஆமா, நீ தமிழ்ல பேசினா அவங்களுக்கு எப்படிப் புரியும்?

— காதுல ஒரு மிசினு குடுத்தாங்க. கண்ணாடி ரூமுல ஒரு பொண்ணு. நான் பேசப் பேச அது இங்கிலீசுல சொல்லும். அதக் கேட்டு இன்னொருத்தங்க நேபாளத்துப் பேச்சுல சொல்லுவாங்க.

— அப்ப நீ திட்டினாலும் மருவாதையாத்தான் போயிச் சேரும்.

— நான் எங்க திட்டினேன். நம்ம ஊரப் பத்திச் சொன்னேன். கடைக்கோடியில புளியமரம், அதுக்குக் கீழ ஒரு கொட்டா, மாசம் மூணு நாளு அங்கதான், புள்ள பெத்தாலும் அங்கதான். கரெக்டா இப்படித்தான் ஆரம்பிச்சேன். அந்த மாசிக் கூட்டத்துல மொத்தப் பொம்பளைங்களும் இடிக்கலாம்னு கை தூக்கினதச் சொன்னேன்.

— நான் தூக்கல.

— நீ அன்னைக்கி இங்கதான இருந்த.

— ஆமா. இங்கதான் இருந்தேன்.

— அதனாலதான் உன்னப் பத்தியே பேசினேன். அதச் சொல்லத்தான் இப்ப வந்தது. சொல்றதக் கேளு, கோவிச்சுக்காத.

— என்னப் பத்தி என்னாத்தப் பேசின?

— எங்க ஊர்ல பாஞ்சாலின்னு ஒரு அக்கா. ஊரே அவங்களத்தான் காட்டும். ஒரு மாசம் தவறினதில்ல. மழைன்னும் பாக்காது, காய்ச்சல்னும் பாக்காது, பாயத் தூக்கிட்டுப் போயிடும். அப்பேர்ப்பட்ட அக்காவே வந்து கூரையில இருந்து முதல் ஓட்ட எடுக்கப் போவுதுன்னு சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க.

— என்னக் கேக்காமயா?

— கேட்டா நீ கெடக்கட்டும்ப. அதான்.

— அமுதா.

— ஒண்ணே ஒண்ணுக்கா. ஒரே ஒரு ஓடு. ஏணி மேல கூட ஏற வேண்டாம், கைக்கு எட்டற எடத்துல. நீ எடுத்துட்டின்னா எம் மாமியா வாயத் தொறக்காது. ஊர்ப் பேச்செல்லாம் பேசற அந்தச் சின்னம்மா வாயத் தொறக்கமாட்டா. சாமிக் குத்தம்னு பேசற எல்லாரும் அடங்கிடுவாங்க. பாஞ்சாலியே எடுத்துட்டாளாம்னு பேச்சு முடிஞ்சிரும். வீடியோ எடுத்து அனுப்பறேன்னு சாவித்ராவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— அந்தக் கடல்காரம்மாவும் எந்திரிச்சு நின்னுதா?

— யாரு, லித்தியாவா?

— ம்.

— அது நிக்கல.

— ஏன்?

— அது ஒரு கேள்வி கேட்டுச்சு. இடிச்சுட்டா பொம்பளைங்க எங்க போவாங்கன்னு.

— நீ என்ன சொன்ன?

— வூட்டுக்குன்னேன்.

— வூட்டுக்கு.

— வேற எங்க? எங்க வூட்டுலயே, எங்க பாயிலயே படுப்போம்னேன். அதுக்குத்தான் கை தட்டினாங்க. அந்தம்மா மட்டும் செம்பருத்திய எடுத்து இன்னொரு காதுல வெச்சுக்கிச்சு. சாயங்காலம் டீ குடிக்கறப்ப வந்து எம் பக்கத்துல நின்னுது. அதுங்க தீவுல அடி தாங்காம ஓடி வர்ற பொம்பளைங்களுக்கு ஒரு வூடு இருக்குதாம். அத நடத்தற வேலையாம் அதுக்கு. அந்த வூடு எங்க இருக்குதுன்னு ஆம்பளைங்களுக்குச் சொல்லமாட்டாங்களாம்.

— தெரிஞ்சுட்டா?

— வேற வூடு பாப்பாங்களாம்.

— பாவம். ஆம்பளைக்கும் தெரிஞ்ச வூடா, தெரிஞ்சும் வரமாட்டாத வூடா இருந்தா சொகமா இருக்கும்.

— அப்படி ஏதுக்கா வூடு.

— ஏதோ சொன்னேன். மழை நின்னுடுச்சு பாரு.

— பேச்ச மாத்தாத. நாளைக்கு வருவியா மாட்டியா?

— நான் எடுக்கமாட்டேன் அமுதா.

— சாமிக் குத்தமா? மாயவன் மாமா வேடியப்பன் சாமிக்குக் காப்புக் கட்டியிருக்காரு, அதனாலயா?

— அதனால இல்ல.

— பின்ன? இந்தக் கொட்டா உனக்கு என்ன செஞ்சுதுன்னு இதக் காப்பாத்தற? எனக்கு என்ன செஞ்சுதுன்னு உனக்குத் தெரியும். நீதான் கூட இருந்த.

— இருந்தேன்.

— மார்கழி. தொப்புள்கொடி கூட விழல எங் கொழந்தைக்கு. வூட்டுல கம்பளி இருந்துது, நெருப்பு இருந்துது, எட்டி நடந்தா வூடு. எம் மாமியா அந்த வேலிக்கிட்ட நின்னுட்டு, விடியட்டும், விடிஞ்சா வண்டி சொல்லலாம்னாங்க.

— நான் எஞ் சேலையக் கிழிச்சுச் சுத்தினேன்.

— நீ சுத்தின. அது உங் கையிலதான் ஆறிப் போச்சு. அந்த மூலையில. எனக்கு அப்ப இருவது வயசு. எந்திரிச்சு ஓடிடலாம்னு தோணவே இல்ல பாரு. எட்டி நடந்தா வூடு, எனக்குத் தோணல. அதத்தான்க்கா இடிக்கணும்.

— இடிக்கணும். நான் இல்லைங்கல.

— பின்ன என்ன?

— அந்த மூலையில நான் ஒரு நாளும் படுத்ததில்ல. வேற யாரையும் படுக்க விட்டதில்ல. பள்ளிக்கூடம் போற அந்த வெண்மதிப் புள்ள பெரிய மனுசி ஆயி வந்தப்ப பாயக் கொண்டு போயி அங்க போட்டா. அங்க ஒழுவுதுடின்னு இழுத்து இந்தப் பக்கம் போட்டுட்டேன். அங்க ஒழுவல.

— அக்கா.

— அழுவாத. நான் சொல்றேன். சொன்னா நீ யாருக்கும் சொல்லக் கூடாது.

— சொல்லு.

— எனக்கு நின்னு போச்சு.

— எது?

— அதுதான். ரெண்டு ஆடி போயிடுச்சு.

— நின்னு போச்சா? அப்புறம் மாசாமாசம் இங்க எதுக்கு வர்ற?

— தூங்க.

— வெளையாடாத.

— வெளையாடல. தூங்கத்தான் வர்றேன். பிறை பாத்துக் கணக்கு வெச்சுக்குவேன். முன்ன எப்ப வருமோ அப்பவே வர்றது. மூணு நாளுக்கு மேல ஒரு நாளு கூடவும் இருந்துக்குவேன். ஒதுங்கிட்டேன்னு சொன்னா வூட்டுல ஒரு பேச்சு இல்ல. பாயத் தூக்கினா அவரு எட்டி நின்னு வழி விடுவாரு. எம் புருசன் எனக்கு வழி விடறது அப்ப மட்டுந்தான்.

— ஊரே உன்ன மெச்சுது.

— மெச்சுது. நீ நேபாளத்துல வேற மெச்சிட்டு வந்திருக்க.

— மாமா இன்னும் கை நீட்டறாரா? குடிய விட்டுட்டாரு, காப்புக் கட்டறாரு, பூசை பண்றாருன்னு நான்...

— குடிய விட்டுட்டாரு.

— திரும்பு.

— கெடக்கட்டும் புள்ள.

— திரும்புக்கா. ரவிக்கைய எறக்கு.

— மெல்ல. துணி ஒட்டிக்கிச்சு.

— இது எதுல?

— மாட்டுக்கு வெச்சிருக்கற கயிறு. காப்புக் கட்டினதுக்கப்புறம் கையால தொட்டு அடிக்கமாட்டாரு.

— எப்ப?

— நேத்து. குழம்புல உப்பு. முந்தாநேத்து எதுன்னு மறந்துட்டேன். நேத்துச் சாயங்காலம் நான் ஒதுங்கிட்டேன்னு சொன்னேன். கயிறக் கீழ போட்டுட்டு மூணு அடி பின்னால போனாரு. எனக்குள்ள சிரிப்பு. வலிக்கவும் வலிக்குது, சிரிப்பும் வருது.

— நீ ஏன் இத எங்கிட்டச் சொல்லல? நான் சங்கத்துக்குத் தலைவின்னு எதுக்கு இருக்கேன்? வா, ஸ்டேசனுக்குப் போலாம். இப்பவே.

— போயிருக்கேன். உங் கல்யாணத்துக்கு முந்தி. கூப்பிட்டுப் பேசினாங்க. இனிமே தொடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டாரு. திரும்பி வர்ற வழியில, மாரண்டஹள்ளி தாண்டறதுக்குள்ள, வண்டிய நிறுத்திட்டாரு.

— அது அப்ப. இப்ப சட்டம் வேற. ஆபீசர் பொம்பள.

— இருக்கலாம்.

— எங்க வூட்டுக்கு வா.

— உங்க வூடு அவருக்கு எதுத்த வூடு.

— ரஞ்சித்துக்கிட்டப் போ. ஓசூர்ல.

— ஒரு ரூமு. புருசன் பொண்டாட்டி தலை நிமிந்தா செவுரு. அவன் அப்பனுக்குப் போன் போட்டு அம்மா இங்கதான் இருக்குதுன்னு சொல்லுவான். நல்ல புள்ள. பொய் வராது அவனுக்கு.

— தர்மபுரியில ஹோம் இருக்குது, நான் கொண்டு போயி விடறேன்.

— விடு. ஒரு நாளு போறேன். போவமாட்டேன்னு சொல்லல. போவணும்னாலும் ஒரு எடத்துல உக்காந்து யோசிக்கணுமில்ல. வூட்டுல எனக்கு யோசனை ஓடாது. இங்கதான் ஓடும். நீ அந்த எடத்த நாளைக்கு எடுத்துடற. எடுக்கணும், உனக்கு அது நியாயம். எங் கையால ஓட்ட எடுன்னு மட்டும் கேக்காத.

— நான் என்ன பண்ணட்டும்க்கா? எல்லாருக்கும் சொல்லியாச்சு. வெண்மதி பரீட்சைக்குப் போவாம இங்க உக்காந்திருந்தா. அடுத்த மாசம் மறுபடி உக்காருவா. அவளுக்கு நான் என்ன சொல்ல?

— அவளுக்கு இடி.

— உனக்கு?

— எனக்குப் புளியமரம் இருக்குது. அத ஜேசிபிகாரன் ஒண்ணும் பண்ணமாட்டான்ல?

— அக்கா, நீ எதுக்கு எட்டி எட்டிப் பாக்கற வெளிய? நான் வந்ததுல இருந்து பாக்கற.

— சின்னம்மா போன மாசம் இங்க எங்கூட இருந்தா. துணி தொவைக்கற கல்லுல நான் ஒண்ணுமே தொவைக்கலியேன்னு கேட்டா. சும்மாத்தான் கேட்டா. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா அவ. வாயிலயும் வெச்சுக்க மாட்டா.

— யாருக்கிட்டச் சொன்னா?

— காலைல தண்ணி டேங்கிக்கிட்ட அவருகூடப் பேசிட்டு நின்னா. இங்கிருந்து தெரிஞ்சுது. அவரு கைய ஆட்டல, சத்தம் போடல. கேட்டுட்டுப் போனாரு. அதான் பயமா இருக்குது. சத்தம் போட்டா பயமில்ல.

— நான் இருக்கேன்ல.

— இருக்க. செருப்புச் சத்தம் கேக்குதா?

— யாரோ மாடு ஓட்டிட்டுப் போறாங்க.

— மாடு செருப்புப் போடாது. அவருதான். நீ அந்தச் செவுத்தோரமா ஒக்காந்துக்க. உன்னப் பாத்தா இன்னும் ஏறிக்கும்.

— ஏ பாஞ்சாலி. வெளிய வா.

— எதுக்குங்க? நான்தான் ஒதுங்கி இருக்கனே.

— ஒதுங்கினது போதும். வா. சோறு ஆக்கணும்.

— இன்னும் ரெண்டு நாளு ஆவுங்க.

— ஆவாதுன்னு சின்னம்மா சொல்றா. ரெண்டு வருசமா ஊரையும் ஏமாத்தி, என்னையும் ஏமாத்தி, காப்புக் கட்டின சாமியையும் ஏமாத்தியிருக்க. வா, வூட்டுல பேசிக்கலாம்.

— மாமா, அவங்க வரமாட்டாங்க.

— யாரு உள்ள? ஓ. தலைவரம்மாவா. வெளிநாடெல்லாம் போயிட்டு வந்து கடைசியில முட்டுவூட்டுக்கே வந்துட்டியா?

— அக்காவப் பாக்க வந்தேன்.

— பாத்தாச்சில்ல. அனுப்பு.

— நீங்க வூட்டுக்குப் போங்க மாமா. நான் சாயங்காலம் வந்து பேசறேன்.

— என்னாத்தப் பேசுவ? நீதான் ரொம்ப நாளாப் பேசிட்டிருக்கற, தீட்டுன்னு ஒண்ணு இல்லவே இல்ல, எல்லாம் ஆம்பளைங்க கட்டின கதைன்னு. நான் இன்னைக்கி உங் கட்சி. தீட்டு இல்ல. அதனால நான் உள்ள வந்து எம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறேன். சரிதான?

— அங்க நில்லுங்க.

— ஏன் நிக்கணும்? நாளைக்கு ஜேசிபி வந்து இந்தச் செவுத்தத் தள்ளும். நானும் சேந்து தள்றேன். அப்புறம் எங்க போயிப் படுப்பான்னு பாக்கறேன்.

— ஏங்க, நானே வர்றேன். அவகிட்டப் பேசாதீங்க. அமுதா, விடு, கைய விடு. நான் போறேன்.

— நீ உக்காருக்கா.

— தலைவரம்மா, உன்ன ஒண்ணு கேக்கறேன். உம் புருசன் பொறம்போக்குல மரம் வெட்டினதையே பஞ்சாயத்துல எந்திரிச்சு நின்னு சொன்னவ நீ. பொய் வராது உனக்கு, எனக்குத் தெரியும். சின்னம்மா பேச்சு எனக்கு வேண்டாம். பக்கத்துல உக்காந்திருக்கற, நீ சொல்லு. இவளுக்கு இருக்குதா இல்லியா? இல்லைன்னு சொல்லு, கைய நீட்டி இழுத்துட்டுப் போறேன். இருக்குதுன்னு உன் வாயால சொல்லு, திரும்பிப் போயிடறேன்.

— அமுதா, வேண்டாம்.

— சொல்லும்மா. உள்ள ஒரு கால வெச்சுட்டேன்.

— கால எடுங்க மாமா. அக்காவுக்குத் தீட்டு. நாளைக்கும் இருக்கும்.